மச்சை மாற்றுச் சிகிச்சை முடிந்து வீடு வந்த பின்

என் அப்பா நாற்பது வருடம் குருநகரிலிருந்து கடலுக்குப் போனவர். மல்டிபிள் மைலோமா என்ற குருதிப் புற்றுநோய்க்காக அவருக்கு என்புமச்சை மாற்றுச் சிகிச்சை செய்யப்பட்டது. வைத்தியசாலையில் இருந்த நாட்களைப் பற்றித்தான் எல்லோரும் விசாரிக்கிறார்கள். ஆனால் பராமரிப்பவரின் வேலை வீடு வந்த பின்தான் கூடுகிறது.

இது கத்தி வைக்கும் சத்திரசிகிச்சை அல்ல. கடும் மருந்து கொடுத்து நோயுற்ற மச்சையை அழித்த பின், சேகரித்து வைத்த மூலக்கலங்களைக் குருதி ஏற்றுவது போல நாளத்தினூடாக ஏற்றுகிறார்கள். அவை மச்சையில் குடியேறி வெண்குழியங்களை உருவாக்க இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை செல்லும். எண்ணிக்கை திரும்பினாலும் தொற்றை எதிர்க்கும் பலம் திரும்ப மாதங்கள் ஆகும். முதல் நூறு நாட்கள் மிகக் கவனமானவை.

அப்பாவுக்கு ஏற்றியது அவருடைய சொந்தக் கலங்கள். லுக்கேமியா போன்ற நோய்களுக்குப் பெரும்பாலும் வேறொருவருடையது தேவைப்படும். கூடப்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்துவதற்கு நாலில் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. 1986 யூன் 10 அன்று மண்டைதீவுக் கடலில் கொல்லப்பட்டவர்கள் எங்கள் குருநகர் மீனவர்கள். சகோதரரை இழந்த வீடுகளும், மிஞ்சியவர்கள் கனடாவிலும் பிரான்சிலும் சிதறிய வீடுகளும் இங்கே நிறைய. வெளிநாட்டில் இருப்பவரின் மாதிரியை அங்கேயே பரிசோதிக்கலாம். வைத்தியரிடம் ஆரம்பத்திலேயே கேளுங்கள். பிள்ளைகள் பாதிப் பொருத்தம் உடையவர்கள். அதைக் கொண்டு செய்யும் முறையும் இப்போது உண்டு. பிறர் கலங்களை ஏற்றியவருக்குத் தோலில் தடிப்பு, வயிற்றோட்டம், கண் மஞ்சளாவது தெரிந்தால் உடனே அறிவிக்க வேண்டும். வந்த கலங்கள் உடலைத் தாக்குவதன் அறிகுறியாக இருக்கலாம்.

எனக்குப் பெரிய போராட்டம் காய்ச்சலோடுதான். 1995 இடப்பெயர்வில் காய்ச்சலோடு சாவகச்சேரி வரை நடந்தவர் அப்பா. “உது சும்மா உடம்புச் சூடு, பிள்ளை” என்பார். அந்தத் தலைமுறை நோவை வாய்விட்டுச் சொல்லாது. அதனால் நான் கேட்பதை விட்டுவிட்டேன். காலையும் மாலையும் தெர்மாமீட்டர் வைத்துக் கொப்பியில் எழுதினேன். 38 பாகை செல்சியஸை, அதாவது 100.4 பரனைற்றைத் தொட்டால், பனடோல் கொடுத்து விடியும்வரை பார்த்திருக்கக் கூடாது. மாத்திரை காய்ச்சலை மறைக்கும், தொற்று உள்ளே பரவும். நள்ளிரவானாலும் பெரியாஸ்பத்திரிக்குப் போய், வாசலிலேயே “மச்சை மாற்றுச் சிகிச்சை செய்தவர்” என்று சொல்லி நோய்க்குறிப்பைக் காட்டுங்கள்.

சாப்பாட்டில் விதி எளிது: அன்று சமைத்தது, நன்றாக வெந்தது, சூடாக. ஒடியற்கூழ் அப்படியானால் தடையில்லை. பழஞ்சோறு, பச்சைச் சம்பல், கடைச் சாப்பாடு வேண்டாம். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தே கொடுத்தோம். நாட்டு மருந்துக் கஷாயம் கொண்டு வந்தவர்களிடம் நன்றி சொல்லி வாங்கி வைத்தேன், கொடுக்கவில்லை. அவை மாத்திரைகளோடு மோதக்கூடும். வீடு கூட்டும்போதும், பக்கத்தில் பழைய சுவர் இடிக்கும்போதும் அவர் அறைக்குள் இருந்தார். தூசியில் வரும் பூஞ்சணம் நுரையீரலைப் பிடிக்கும்.

சனத்தை மறிப்பதுதான் கடினம். குருநகரில் வீடுகள் சுவரோடு சுவர். வருத்தம் பார்க்க வராதவர் குறை. விறாந்தையில் அப்பாவுக்கு ஒரு கதிரை போட்டேன், வந்தவர்கள் கேற்றுக்கு வெளியே நின்று கதைத்தார்கள். தடிமன் உள்ளவரும், கொப்புளிப்பான் வந்த சிறுவர் உள்ள வீட்டாரும் தொலைபேசியில். அந்த வருடம் யாகப்பர் பெருநாளுக்கும் அவர் போகவில்லை. சிலர் கோபித்தார்கள், பரவாயில்லை.

சிறுவயதில் போட்ட தடுப்பூசிகளின் பாதுகாப்பும் இச்சிகிச்சையோடு பெரும்பாலும் போய்விடுகிறது. ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் அவற்றை மீண்டும் போடத் தொடங்குவார்கள். சின்னமுத்துத் தடுப்பூசி போன்ற உயிருள்ளவை இரண்டு வருடத்துக்குப் பிறகே. எப்போது வலை தொடலாம் என்று அப்பா ஒவ்வொரு கிளினிக்கிலும் கேட்கிறார். மைலோமா எலும்பையும் பலவீனமாக்குவதால் வைத்தியர் இன்னும் சம்மதிக்கவில்லை.