சாரற்காற்றும் தூத்துக்குடித் தோணியும்



ஆனி, ஆடித் திங்கள்களில் தென்காசித் திருக்கோயிலின் கோபுரவாயிலில் நின்றோர் யாவரும் ஆண்டு வீசும் காற்றின் வன்மையை அறிவர். ஆரியங்காவுக் கணவாய் வழியே புகுந்து, குற்றாலத்திற் சாரலாய்த் தூவி, நம் வீட்டுக் கதவுகளை அறைந்து செல்லும் அக்காற்று நமக்கு இன்பந் தருவது. அருவியாடுதற்கு உற்றாரும் உறவினரும் வருங்காலம் அது. ஆயின், அக்காற்றே தென்மேற்குப் பருவக்காற்று என்னும் பெயரோடு அரபிக்கடலைக் கலக்கி, மரக்கலங்களை மறிப்பது என்பதனை மலையடிவாரத்து வாழும் நாம் எண்ணுதல் அரிது.

குற்றாலத்துச் சிற்றாறு சீவலப்பேரியிற் பொருநையொடு கலந்து, புன்னைக்காயலிற் கடல் புகுகின்றது. அதற்கு வடக்கே தூத்துக்குடி உளது. நம் ஊர் நீர் சென்று சேரும் அக்கரையில் வாழும் கலமாந்தர் வரலாற்றை ஒருசிறிது அறிந்துகொள்வோமாக.

சில ஆண்டுகட்கு முன்னர் மாணவர் சிலரைத் தூத்துக்குடிப் பழைய துறைமுகத்துக்கு அழைத்துச் சென்றேன். கொழும்புக்கும் மாலைத்தீவுக்கும் சரக்கேற்றிச் செல்லும் தோணிகளைக் கண்டு வியந்து நிற்கையில், மாணவன் ஒருவன், "ஐயா, இயந்திரம் பூட்டிய தோணிக்குப் பாய்மரம் எதற்கு?" என்று வினவினான். "அது பழைய வழக்கம், தம்பி" என்று கூறி அப்பாற் சென்றேன். அவ்விடை பிழையுடையது என்பதைப் பின்னர்க் கற்று உணர்ந்தேன். அப்பிழையைத் திருத்துதற்கே இக்கட்டுரை எழுதலானேன்.

பண்டைக் கடலோடிகள் காற்றொடு பொருது வென்றாரல்லர். காற்றின் காலமறிந்து ஒழுகினர். கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்து நாட்டினின்று புறப்பட்ட யவனர் கலங்கள் தென்மேற்குக் காற்றைத் துணைக்கொண்டு முசிறிக்கு வந்தன. வடகிழக்குக் காற்று எழுந்த பின்னரே மீண்டன. இடைப்பட்ட திங்கள்களில் காத்திருந்தன. இக்காத்திருத்தல் மடியன்று, அறிவே. தூத்துக்குடித் தோணிக்காரரும் கச்சான் காற்றுக் கடுகும் காலத்தில் தோணிகளைத் துறையிற் கட்டிப் பழுது பார்ப்பதனையே வழக்கமாகக் கொண்டனர். கெட்ட காலநிலைக்குத் தலையாய மருந்து, அதன்கண் சென்று அகப்படாமையே.

அகப்பட்டவிடத்துச் செய்வது யாது? அதற்கு யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறை நமக்கொரு சான்று தருகின்றது. ஆண்டு 1930இற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலின் நீளம் 89 அடி. சிறுகலத்தில் உலகைச் சுற்றி வந்த அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதனை விலைக்கு வாங்கித் தம் மனைவியார் பெயரைச் சூட்டினர். வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகள் அதிற் சென்று, சூயசுக் கால்வாய், மத்தியதரைக் கடல், பெர்முடா ஆகியவற்றைக் கடந்து, 1938 ஆகஸ்டுத் திங்களில் அமெரிக்க நாட்டுக் குளோசெஸ்டர்த் துறையை அடைந்தனர்.

இவ்வழியின் அருமையை எண்ணிப் பார்மின். செங்கடலின் வடபாதியில் ஆண்டு முழுதும் வடமேற்கினின்றே பெரும்பாலும் காற்று வீசும். வடக்கு நோக்கிச் செல்லும் பாய்க்கப்பலுக்கு அஃது எதிர்க்காற்று. எதிர்க்காற்றில் எப்பாயும் நேரே செல்லாது. ஒருகால் வலமும் ஒருகால் இடமுமாகக் குறுக்கே ஓடியோடி, சிறிது சிறிதாகவே முன்னேறல் வேண்டும். அதனைக் கடந்து அட்லாண்டிக்குப் பெருங்கடலையும் தாண்டியவர், தம் தந்தையரிடம் பாய்த்தொழில் பயின்ற கரையூர் மாந்தரே.

இனி, இயந்திரத்தின் கதைக்கு வருவோம். 1819இல் அட்லாண்டிக்கைக் கடந்த சவன்னா என்னும் கப்பலில் நீராவி இயந்திரம் இருந்தும், அது வழியின் மிகச் சிறு பகுதியிலேயே இயக்கப்பெற்றது. எஞ்சிய வழியெல்லாம் பாயே செலுத்திற்று. அதன் பின்னரும் நெடுங்காலம் நீராவிக் கப்பல்கள் பாய்மரங்களைக் கைவிடவில்லை. 1906இல் வ. உ. சிதம்பரனார் தூத்துக்குடியிற் சுதேசிக் கப்பற் கம்பெனியைத் தொடங்கியபோது நீராவியே கடலை ஆண்டது. தோணிகளோ பாயிலேயே ஓடின. அவை டீசல் இயந்திரம் பூண்டது அந்நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான்.

இவ்விடத்து நுணுகி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. கடல் அமைதியாயிருக்கும் நாளில் எண்ணெய்த் தொட்டியின் அடியில் அழுக்கும் நீரும் படிந்து கிடக்கும். புயலிற் கலம் உருண்டு புரளுங்கால் அப்படிவு கலங்கி எழுந்து, எண்ணெயொடு சென்று, வடிகட்டியை அடைக்கும், குழாயிற் காற்றுப் புகும், இயந்திரம் நின்றுவிடும். எனவே, எந்நாளில் இயந்திரம் மிகவும் வேண்டப்படுமோ அந்நாளிலேயே அது பழுதுபடல் எளிது. கெட்ட காலநிலையும் இயந்திரப் பழுதும் இரு வேறு துன்பங்கள் அல்ல. முன்னது பின்னதை உடனழைத்து வருவது.

இயந்திரம் நின்ற கலம் அலைக்குப் பக்கங்காட்டிக் கிடக்கும். கவிழ்தற்கு அதுவே காரணம். அப்போது அமரத்திற் சிறுபாய் ஒன்றை விரிப்பின் அணியம் காற்றை நோக்கித் திரும்பும். அணியத்தினின்று கனத்த பொருளைக் கயிற்றிற் கட்டி நீரில் விடுதலும் அலைக்கு முகங்கொடுத்து நிற்க உதவும். கலம் நிலைபெற்ற பின்னரே வடிகட்டியை மாற்றவும், குழாயிற் புகுந்த காற்றை வெளியேற்றவும் கீழே இருப்போர்க்கு இயலும். பாய் கலத்தைக் காக்க, அக்காவலில் இயந்திரம் மீண்டும் உயிர்பெறும். மாணவன் வினாவுக்கு யான் கூறியிருக்க வேண்டிய விடை இதுவே.

எனினும், பாயொன்றே எல்லாவிடத்தும் காக்கும் என்று கூறுவேனல்லேன். 2017 நவம்பர் 30ஆம் நாள் கன்னியாகுமரிக்கு அருகே திடீரென வலுப்பெற்ற ஒக்கிப் புயலில் தமிழகத்தும் கேரளத்தும் நூற்றுக்கணக்கான மீனவர் இறந்தும் காணாமலும் போயினர். எச்சரிக்கை பிறந்தபோது பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தனர். முன்னோர் காத்த முதல் விதி, காலத்தை முன்னறிதல், அவர்க்குக் கிட்டவில்லை. இரண்டாம் விதி, ஒன்று தவறின் மற்றொன்று துணையாதல். இவ்விரண்டும் உடனிருத்தல் வேண்டும்.

நம் குடும்பத்துப் பிள்ளைகளுட் சிலர் கப்பற் பொறியியல் பயில விழைகின்றனர், பயில்க. பயில்வோர் தூத்துக்குடிப் பழைய துறையில் ஒரு நாள் கழித்து, முதிர்ந்த தண்டல் ஒருவரிடம் காற்றின் பெயர்களையும் பாய் சுருக்கும் முறையையும் கேட்டறிதல் நன்று. அவ்வறிவு ஏட்டிற் பெரிதும் எழுதப்பெறாதது. அவரோடு மறையக் கூடியது. அடுத்த சாரற்காலத்துக் குற்றாலத்தில் நீராடிக் குளிர்ந்து நிற்குங்கால், அக்காற்று ஓய்தலை நோக்கித் துறையிற் காத்திருக்கும் தோணிகளையும் ஒருகணம் நினைமின்.