இறால் ஓடு: குப்பையா, உரமா?

ஆழ்வார்திருநகரி வட்டாரத்தில் தாமிரபரணிப் பாசனத்தில் வாழை விளைகிறது. அருகிலுள்ள தூத்துக்குடியிலோ ஏற்றுமதிக்காக இறால் உரிக்கிறார்கள். தலையும் ஓடுமாக எடையில் ஏறக்குறைய பாதி கழிவாகிறது.

அந்த ஓட்டில் சுண்ணாம்பு, புரதத்துடன் கைட்டின் என்ற பொருளும் உள்ளது. 1811ல் பிரான்சு நாட்டு பிரகோனோ இதை முதலில் கண்டது காளானில்! 1823ல் வண்டின் ஓட்டிலும் கண்ட ஓதியேதான் பெயர் சூட்டினார். இந்தியாவில், 1957ல் கொச்சியில் தொடங்கிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இறால் கழிவிலிருந்து கைட்டின் எடுக்கும் முறையை உருவாக்கியது.

ஓட்டுத்தூளை மண்ணில் இட்டால் கைட்டினைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகும். வேர்முடிச்சு நூற்புழுவின் முட்டை ஓட்டிலும் கைட்டின் உண்டு. அதையும் அவை அரித்துவிடும். வாழைக்கும் இப்புழு எதிரி என்பது குறிப்பிடத்தக்கது. உப்பைக் கழுவி, மட்கவைத்து இடுவதே முறை.

ஊரார் மூக்கைப் பொத்தும் குப்பை, வாழைக்குக் காவல்!