யாழ்ப்பாணத்துப் பீனிசம்

விடியப்புறத்தில் அடுக்கடுக்காகத் தும்மல், தண்ணீராய் ஒழுகும் மூக்கு, கண்கடி, அண்ணாக்கில் அரிப்பு. யாழ்ப்பாணத்து வீடுகள் இதைப் பீனிசம் என்கின்றன. தடிமன் ஒரு கிழமையில் விட்டுப்போகும். பீனிசம் காய்ச்சலில்லாமலே மாதக்கணக்கில் இழுபடும். சித்த மருத்துவத்தில் இச்சொல் சைனஸ் அழற்சி வரைக்கும் நீளும். இங்கிலாந்தில் ஜோன் பொஸ்ரொக் என்ற மருத்துவர் 1819இல் இதே தும்மலையும் மூக்கொழுக்கையும் தன் சொந்த நோயாகவே விவரித்தார். வைக்கோல் காய்ச்சல் என்ற பெயர் அதன்பின் அங்கே பரவியது. புல்லின் மகரந்தமே காரணம் என்பதை 1873இல் சார்ல்ஸ் பிளாக்லி தன் மூக்கிலேயே சோதித்து எழுதினார்.

குடாநாட்டில் குற்றவாளிகள் வேறு. சோளகக் காற்று கிளப்பும் செம்மண் புழுதி, விறகடுப்பில் எரியும் பன்னாடையின் புகை, நுளம்புத்திரி, சுருட்டு. எல்லாவற்றுக்கும் மேலாகத் தலையணைக்குள் குடியிருக்கும் தூசிப்பூச்சி. பனம்பூவின் மகரந்தமும் ஒவ்வாமை தருவதை மேற்கு வங்க ஆய்வுகள் காட்டியுள்ளன.

மூக்கு ஒழுகத் தொடங்கினால் முதலில் அடுப்பேறுவது மல்லித்தண்ணி. மல்லியோடு வேர்க்கொம்பைத் தட்டிப்போட்டுக் கொதிக்கவைப்பார்கள். மிளகும் உள்ளியும் போட்ட இரசம், தூதுவளைத் துவையல், நொச்சியிலை வேது எல்லாம் பின்னால் வரும். இவை வீண் அல்ல. தடிமன்காரருக்குச் சூடான பழப்பானம் கொடுத்துக் கார்டிஃப் பல்கலைக்கழகம் 2008இல் ஆய்ந்தபோது, மூக்கின் காற்றோட்டம் அளவில் மாறவில்லை. தும்மலும் ஒழுக்கும் குறைந்ததாக அவர்கள் உணர்ந்தார்கள். ஆறுதல் உண்மை, ஆனால் ஒவ்வாமை அப்படியே இருக்கும். தயிரையும் வாழைப்பழத்தையும் எல்லோருக்கும் விலக்குவதற்கும் தக்க சான்று இல்லை. வேது பிடிக்கும்போது பானை கவிழ்ந்து பிள்ளைகள் சுடுபடும் ஆபத்தையும் மறக்கக்கூடாது.

உணவுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைப் படுக்கையறைக்குக் கொடுத்தால் பலன் கூடும். தலையணை உறை, விரிப்புகளைக் கிழமைக்கொருமுறை 60 பாகை வெந்நீரில் தோய்த்து வெயிலில் போடலாம். கூட்டுவதற்குப் பதில் ஈரத்துணியால் துடைக்கலாம். கொதித்தாறிய உப்புநீரால் மூக்கைக் கழுவலாம். கிணற்றுநீரை அப்படியே மூக்கில் விடக்கூடாது. முட்டு சேர்ந்துகொண்டால் வீட்டு வைத்தியத்தோடு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

பார்த்தீனியம் தனிக்கதை. 1987இல் வந்த இந்திய அமைதிப்படையின் ஆடுகளோடு இச்செடி இலங்கைக்குள் நுழைந்ததாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. இன்று அது வடக்கின் தோட்டக்காணிகளிலும் தெருவோரங்களிலும் வெள்ளைப்பூவோடு நிற்கிறது. அதன் மகரந்தம் தும்மலையும் முட்டு இழுப்பையும் தூண்டும். செடி பட்டால் தோல் கடிக்கும். பூக்குமுன் வேரோடு பிடுங்குவதே வழி, அதுவும் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு.