திரும்பி வந்தவர்கள் நம்பி வந்தவர்களா?

சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி 1911-இல் கலைக்கப்பட்ட பிறகு, தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போகவேண்டியவர் எந்தக் கப்பலில் ஏறியிருப்பார்? பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பலில்தான். சில ஆண்டுகளுக்கு முன் அதே கம்பெனி குடையோடு இலவசப் பயணம் தருவதாகக் கூவி அழைத்தபோது ஏற மறுத்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். அவர்கள் மன்னித்துவிட்டார்கள் என்று சொல்ல முடியுமா? நம்பிக்கையைக் கெடுத்துக்கொண்ட ஓர் இடத்துக்கு மக்கள் திரும்பி வருவார்களா என்று இன்று கைப்பேசிச் செயலிகளை வைத்துக் கேட்கிறோம். தூத்துக்குடியைச் சுற்றிய முத்துக்குளித்துறைக் கடற்கரை இந்தக் கேள்வியை நானூறு ஆண்டுகளுக்கு மேல் அனுபவித்துப் பார்த்திருக்கிறது. அது தரும் பதில் இதுதான்: வேறு வழி இல்லாதபோது மக்கள் திரும்பி வருவார்கள், ஆனால் அந்த வருகையை நம்பிக்கை என்று எண்ணக்கூடாது. ஏமாற்றியவர் கையை விட்டு அளவுகோல் இறங்கும் நாளில்தான் நம்பிக்கை திரும்புகிறது.

பதினாறாம் நூற்றாண்டில் தொடங்குவோம். முத்துக்குளிப்பின் உரிமை பற்றி மரைக்காயர் வணிகர்களோடு மோதல் முற்றியபோது, இந்தக் கரையில் முத்துக் குளித்த பரதவர்களின் ஊர்த் தலைவர்களான பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுகீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். 1536, 1537 ஆண்டுகளில் கடற்கரை ஊர்கள் கூட்டம் கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்றன. 1538-இல் வேதாளையில் நடந்த கடற்போரில் போர்ச்சுகீசியர் வென்றார்கள். வாக்குக் காப்பாற்றப்பட்டது என்றே அன்று தோன்றியிருக்கும். ஆனால் காவலுக்கு வந்தவர்களே அடுத்த சுமையானார்கள். முத்தெடுக்கும் மக்கள் கட்டிய வரிகளில் ஒன்று போர்ச்சுகல் ராணியின் காலணிச் செலவுக்கென்றே குறிக்கப்பட்டிருந்தது. 1542-இல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், இரண்டே ஆண்டுகளில், தம் நாட்டுக் கேப்டன் இம்மக்களுக்குச் செய்யும் அநியாயங்களைப் பற்றி மனம் கசந்து கடிதம் எழுதும் நிலைக்கு வந்தார். அந்தக் காலணிப் பணத்தை ஊர்களில் வேதம் கற்பிப்போரின் சம்பளத்துக்குத் திருப்பிவிடும்படி ராணியிடமே கேட்டுப் பெற்றவரும் அவர்தான்.

பரதவர்கள் போர்ச்சுகீசியரை விட்டு விலகினார்களா? இந்த இடத்தில்தான் வரலாறு நுட்பமாகிறது. அவர்கள் அந்தப் பிணைப்பை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். கேப்டன்கள் வருவார்கள், பணம் சேர்த்துக்கொண்டு போவார்கள். ஆனால் 1540-களில் வந்த போர்ச்சுகீசியப் பாதிரியார் அண்டிரிக் அடிகளார் இந்தக் கரையிலேயே தங்கித் தமிழ் கற்றார், தமிழுக்கு இலக்கணம் எழுதினார். 1578-இல் கொல்லத்தில் அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சேறியது. 1600-இல் அவர் இறந்தபோது அரை நூற்றாண்டு இம்மக்களோடு கழிந்திருந்தது. மக்கள் நம்பியது கொடியை அன்று, கூப்பிட்டால் வந்து நிற்கும் மனிதரை. 1658-இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்ததும் இந்தப் பிரிவினை வெளிச்சத்துக்கு வந்தது. போர்ச்சுகீசிய அதிகாரம் போனது, பரதவர்கள் புதிய அதிகாரத்தின் கீழ் முத்துக் குளித்தார்கள். ஆனால் டச்சு மதகுருக்கள் தங்கள் சபைக்கு அழைத்தபோது அசையவில்லை. முத்து வேண்டுமென்றால் குளிப்பவரைப் பகைக்க முடியாது என்பது டச்சுக்காரர்களுக்கும் புரிந்தது. தூத்துக்குடியில் இன்று நாம் காணும் பனிமய மாதா கோயில் 1713-இல், டச்சு ஆட்சியின் கீழேயே எழுந்தது.

இதை மறுக்க ஒருவர் பெயர்களைக் காட்டலாம். பர்னாந்தும் மச்சாடோவும் வாஸும் டிக்குரூஸும் இன்றும் இந்தக் கரையில் வழங்குகின்றனவே, இது போர்ச்சுகல் மீதான விசுவாசம் இல்லையா என்று கேட்கலாம். அந்தப் பெயர்கள் திருமுழுக்கோடு வந்தவை, குடும்பத்தோடும் கோயிலோடும் சேர்ந்தவை. வரி வாங்கிய கேப்டனுக்கு அவற்றில் பங்கு கிடையாது. ஓர் அமைப்பு தந்த நல்லதை வைத்துக்கொண்டு, அதை நடத்தியவரின் தீயதைத் தள்ளுவதற்கு மக்களுக்குத் தெரியும். இன்று ஓர் இணையத் தளத்தில் நீடிப்பவர்களில் பலரும் அங்கே இருக்கும் உறவுகளுக்காகவே நீடிக்கிறார்கள். அதை நிறுவனம் தனக்குக் கிடைத்த நற்சான்றாக எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோகும்.

அப்படியானால் நம்பிக்கையைக் கட்டுவது எது? முத்துச் சலாபத்தின், அதாவது பருவத்தில் நடக்கும் முத்துக்குளிப்பின், நடைமுறையே அதற்குச் சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மன்னார் வளைகுடாவின் இலங்கைக் கரையில் ஆங்கில அரசு நடத்திய சலாபங்களுக்குக் கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்தும் குளியாட்கள் போனார்கள். எத்தனை படகு தேவை, எந்த நாளில் தொடக்கம் என்று அரசு முன்கூட்டியே அறிவிக்கவேண்டும், ஆள் வராவிட்டால் முத்துச் சிப்பிகள் கடலடியிலேயே கிடக்கும். படகுகள் கரை சேர்ந்ததும் சிப்பிகள் வேலியடைத்த கொட்டுக்குள் போகும். அங்கே குளியாட்களே தங்கள் சிப்பியை மூன்று கூறாகப் பிரிப்பார்கள். அவற்றில் இரண்டை அரசு அதிகாரி தேர்ந்தெடுப்பார், மூன்றாவது குளியாட்களுக்கு. எந்தக் கூறு யாருக்குப் போகும் என்று பிரிப்பவருக்குத் தெரியாது, எடுப்பவருக்குப் பிரிக்கும் உரிமை கிடையாது. பங்கு குறைவுதான், மூன்றில் ஒன்றுதான். ஆனாலும் அந்தப் பங்கு எப்படி வந்தது என்பதில் ஒளிவுமறைவு இல்லை. அன்றைக்கன்றே அதைக் கரையில் விற்றுக் காசாக்கலாம். சுறாவின் வாயைக் கட்டுவதாக மந்திரம் ஓதும் கடல்கட்டி கரையில் இல்லாமல் குளியாட்கள் நீரில் இறங்க மறுத்தார்கள். மந்திரத்தில் நம்பிக்கை இல்லாத ஆங்கில அதிகாரிகளும் கடல்கட்டிக்குக் கூலி கொடுத்து வைத்திருந்தார்கள். மூழ்குபவனுக்கு எது துணிவு தருகிறது என்பதை மூழ்குபவனே முடிவு செய்தான், அரசு அதற்கு இணங்கியது. இனிய சொல்லும் மன்னிப்புக் கடிதமும் இல்லாமலே ஆட்கள் பருவந்தோறும் திரும்பி வந்ததற்கு இவையே காரணங்கள்.

இனி மீண்டும் கப்பலுக்கு வருவோம். தூத்துக்குடி – கொழும்புக் கடல்வழி ஒரே ஆங்கிலக் கம்பெனியின் கையில் இருந்த காலத்தில், 1906 அக்டோபரில் வ.உ.சி. சுதேசிக் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகள் வாங்கினார். 1907-இல் ‘காலியா’, ‘லாவோ’ என்ற கப்பல்கள் வந்தன. பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்குக் குறைத்தது, சுதேசிக் கம்பெனி அரை ரூபாய்க்கு இறங்கியது, பிறகுதான் இலவசப் பயணமும் குடையும் வந்தன. அப்போதும் சுதேசிக் கப்பலுக்கு ஆள் இருந்தது. இறுதியில் அதை வீழ்த்தியது பயணிகளின் மனமாற்றம் என்று சொல்ல முடியாது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார், ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. நடத்துபவர் சிறையில், எதிரில் நட்டத்தைத் தாங்கும் பெருமுதல். மூன்றாண்டுகளில் கம்பெனி கலைந்தது, பயணிகள் பழைய கப்பலுக்குத் திரும்பினார்கள். 1914-இல் தனுஷ்கோடி – தலைமன்னார் வழி திறந்ததும் இலங்கைப் பயணிகளில் பெரும்பகுதி அங்கே போனது. கடல்தூரம் குறைவு என்பதே அதற்கு முதற்காரணம் என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் வேறு வழி இல்லாததால் வந்த கூட்டம், வேறு வழி பிறந்த அன்றே கலையும் என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

மக்களுக்கு மறதி அதிகம், விலையும் பழக்கமுமே அவர்களை நடத்துகின்றன, நம்பிக்கை என்பதெல்லாம் எழுதுபவர்களின் கவலை என்பது வலுவான ஆட்சேபம். 2018-இல் சுமார் 8 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்கள் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகாவின் கைக்குப் போனது தெரிந்த பிறகும் பேஸ்புக் காலியாகவில்லை. 2021-இல் வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றியபோது சிக்னலுக்கும் டெலிகிராமுக்கும் ஓடியவர்களில் பலர் வாட்ஸ்அப்பையும் அழிக்காமல் வைத்துக்கொண்டார்கள். ஜோஹோவின் ‘அரட்டை’யை 2025 செப்டம்பரில் லட்சக்கணக்கானோர் இறக்கிக்கொண்டார்கள், ஆனால் பேசவேண்டிய சொந்தபந்தம் முழுவதும் பழைய இடத்திலேயே இருந்தது. இவையெல்லாம் உண்மை. ஆனால் இவற்றிலிருந்து மறதியை நிறுவ முடியாது. தனியாக ஒருவர் வெளியேறினால் பயனில்லை என்பதைத்தான் இவை காட்டுகின்றன. 1537-இல் ஊர் ஊராக, பட்டங்கட்டிகளோடு சேர்ந்து போனதால்தான் பரதவர்களால் காவலரை மாற்ற முடிந்தது. 1907-இல் குடையை மறுத்தவர்களும் தனித்தனி ஆட்களாக அதைச் செய்யவில்லை. விலை மட்டுமே மக்களை நடத்துமென்றால் அரை ரூபாய் கொடுத்து யாரும் ‘காலியா’வில் ஏறியிருக்க மாட்டார்கள்.

ஆகவே, நம்பிக்கையைக் கெடுத்த ஒரு தளம் தன்னிடம் திரும்பியவர்களின் எண்ணிக்கையைக் காட்டி நிம்மதி அடையக்கூடாது. அது கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்விகள் கொட்டுக்குள் கிடந்த மூன்று கூறுகளில் இருக்கின்றன: நம்மிடம் உள்ளதைப் பிரிப்பது யார், எடுப்பது யார், அது எல்லார் கண்முன்னும் நடக்கிறதா? இவற்றுக்கு நேரான பதில் தரும் நிறுவனத்திடம் மக்கள் மனதோடும் திரும்பலாம். பதில் தராத இடத்தில் இருப்பவர்கள், அடுத்த கப்பல் வரும்வரை காத்திருக்கும் பயணிகள் மட்டுமே.