அப்பா பணம் அனுப்பாத வருடம்

இரவு 2 மணிக்குத் தூக்கம் வராமல் புரள்கிறவனிடம் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "ரொம்ப யோசிக்காதடா." யோசிக்கக்கூடாது என்று நினைப்பதும் யோசனைதானே! இந்தச் சிக்கலின் முடிச்சை நூறாண்டுகளுக்கு முன்பே பிடித்துவிட்டவர் ஒருவர் ஜப்பானில் இருந்தார். மொரிதா ஷோமா, 1874இல் பிறந்த மனநல மருத்துவர்.

அவரே பயத்தோடு வளர்ந்தவர்தான். சிறுவயதில் கோயிலில் நரகத்தின் ஓவியத்தைப் பார்த்ததிலிருந்து சாவுபயம் பிடித்துக்கொண்டது. தோக்கியோவில் மருத்துவம் படிக்கும்போதும் நெஞ்சுப் படபடப்பு விடவில்லை. ஒருமுறை தேர்வு நெருங்கிய நேரத்தில் ஊரிலிருந்து அப்பாவின் பணம் வரவில்லை. வந்ததே கோபம்! 'செத்தா சாகட்டும்' என்று மருந்துகளை விட்டுவிட்டு இரவுபகலாகப் படித்தார். தேர்வில் தேறினார். படபடப்பும் அடங்கியிருந்தது.

பல சிகிச்சைகளை முயன்றுபார்த்த பிறகு, 1919 வாக்கில் அவர் தமக்கென ஒரு முறையைக் கண்டடைந்தார். நோயாளிகளைத் தம் வீட்டிலேயே தங்கவைத்தார். முதல் ஒரு வாரம் படுத்தே கிடக்க வேண்டும். பேச்சில்லை, புத்தகமில்லை, புகையில்லை. கவலை வந்தால் வரட்டும், விரட்டக்கூடாது. சில நாட்களில் சலிப்பு தட்டி, ஏதாவது வேலை கிடைக்காதா என்று மனம் ஏங்கத் தொடங்கும். அப்புறம் சின்னச்சின்ன வேலைகள், நாட்குறிப்பு எழுதுவது. பிறகு கடினமான உடலுழைப்பு. கடைசியில் வழக்கமான வாழ்க்கை.

படபடப்பு இயல்பானது என்றார் மொரிதா. அதையே உற்றுக் கவனிக்கக் கவனிக்க அது பெரிதாகத் தெரியும். பெரிதாகத் தெரியத் தெரியக் கவனம் இன்னும் அங்கேயே போகும். இந்தச் சுழலில் சிக்குவதுதான் நோய். வெளியேற அவர் சொன்ன வழியின் பெயர் 'அருகமாமா'. நம் காதுக்கு ஏதோ உறவுமுறை போலக் கேட்டாலும், 'உள்ளது உள்ளபடி' என்பதுதான் பொருள். பயம் இருக்கட்டும், செய்ய வேண்டியதைச் செய்.

மருந்தை வீசியெறியச் சொல்லும் கதையல்ல இது. அவருடைய முறை, குறிப்பிட்ட வகைப் பதற்றம் உள்ளவர்களுக்கு, மருத்துவர் கண்பார்வையில் நடந்தது. மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள் பார்க்கத்தான் வேண்டும்.

போன மாதம் வேலை நேர்காணலுக்கு முந்தின இரவு எனக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது. அடிக்கட்டும் என்று எழுந்துபோய்ச் சட்டி பானைகளைக் கழுவினேன். முடித்தபோதும் படபடப்பு இருந்தது. சட்டிகள் சுத்தமாக இருந்தன. போய்ப் படுத்தேன்.