ஒளித்துகளும் வத்திராயிருப்பு மைந்தரும்

திருமுருகாற்றுப்படையின் முதற்பகுதி திருப்பரங்குன்றத்தைப் பாடுவது. கடல்மேல் எழும் கதிரவனை முருகனின் பேரொளிக்கு உவமையாக்கியே நக்கீரர் அந்நூலைத் தொடங்குகின்றார். ஒளியைக் கண்டு வியந்தது தமிழ் மரபு. அவ்வொளியின் இயல்பு யாது என ஆராய்ந்த அறிவியல் வரலாற்றிலும் பாண்டிநாட்டார் ஒருவர்க்குச் சிறப்பிடம் உண்டு. அவரே கே. எஸ். கிருஷ்ணன்.

1898-ஆம் ஆண்டு வத்திராயிருப்பில் பிறந்த கிருஷ்ணன், திருவில்லிபுத்தூரில் பள்ளிக்கல்வி பெற்றார். பின் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். 1920-களில் கல்கத்தா சென்று, இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் சர் சி. வி. இராமனுடன் ஆய்வில் ஈடுபட்டார்.

அது இயற்பியல் தன் அடித்தளத்தையே மாற்றிக்கொண்டிருந்த காலம். ஒளி அலையே என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிபு. 1900-இல் மாக்ஸ் பிளாங்க், வெப்பமுற்ற பொருள் ஆற்றலைத் தொடர் ஒழுக்காக அன்றிச் சிறுசிறு கூறுகளாகவே வெளியிடுகின்றது எனக் கொண்டு கணக்கிட்டார். அக்கூறே 'குவாண்டம்'. 1905-இல் ஐன்ஸ்டைன், ஒளியே இத்தகைய கூறுகளால் ஆயது என்றார். உலோகத்தின்மேல் விழும் ஒளி எலக்ட்ரானை வெளியேற்றுவது அதன் செறிவால் அன்று. ஒவ்வொரு கூறும் தாங்கிவரும் ஆற்றலால். அவ்வாற்றலோ நிறத்திற்கேற்ப மாறுவது. ஆதலின், மங்கலான புறஊதாக் கதிர் செய்யும் வேலையைச் செறிந்த செவ்வொளி செய்யமாட்டாது.

1923-இல் காம்ப்டன், எக்ஸ் கதிர் எலக்ட்ரானில் மோதித் தன் ஆற்றலிற் சிறிது இழத்தலைக் காட்டினார். 1924-இல் டி பிராய், துகளெனக் கருதப்பட்ட எலக்ட்ரானுக்கும் அலைத்தன்மை உண்டென்றார். 1927-இல் நிக்கல் படிகத்தில் எலக்ட்ரான்களைச் செலுத்திய டேவிசனும் ஜெர்மரும் அதனை மெய்ப்பித்தனர். அலை துகளாயிற்று, துகள் அலையாயிற்று.

கண்ணுக்குப் புலனாகும் ஒளியும் சிதறும்போது ஆற்றல் இழக்குமோ? இவ்வினாவிற்குக் கல்கத்தாவில் விடை கிடைத்தது. இராமனும் கிருஷ்ணனும் கதிரவன் ஒளியைத் தொலைநோக்கி வில்லையால் குவித்து, நீலஊதா வடிகட்டி வழியே நீர்மங்களில் செலுத்தினர். சிதறிவரும் ஒளியின் பாதையில், அந்நிறத்தைத் தடுக்கும் பசுமஞ்சள் வடிகட்டியை வைத்தனர். நிறம் மாறாதிருந்தால் இருளே எஞ்சும். எஞ்சியதோ ஒளி! ஒளித்துகள் மூலக்கூறுக்குத் தன் ஆற்றலில் ஒரு பங்கை ஈந்து நிறம் மாறி வெளிவந்தது. ஏறத்தாழ அறுபது நீர்மங்களிலும் இவ்விளைவு தென்பட்டது.

இக்கண்டுபிடிப்பின் நாளான 1928 பிப்ரவரி 28 இன்று தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்பெறுகின்றது. அதனை உலகுக்கு அறிவித்து, 1928 மார்ச் 31-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த மடல் இருவர் பெயரையும் தாங்கியது. 1930-இன் நோபல் பரிசு இராமன் ஒருவர்க்கே வழங்கப்பெற்றது. விளைவும் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. ஆய்வை வகுத்து நடத்திய இராமனின் தலைமையை மறுப்பார் இலர். ஆயினும், உடனிருந்து ஒளியை நோக்கிய கண்களையும் வரலாறு மறத்தல் தகாது.

கிருஷ்ணனின் பணி அத்துடன் நின்றுவிடவில்லை. படிகங்களின் காந்தப் பண்புகளை ஆராய்ந்து அவற்றினுள் மூலக்கூறுகள் அமைந்துள்ள நிலையை வெளிப்படுத்தினார். 1940-இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். புதுதில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராகப் பணியாற்றி, 1961-இல் மறைந்தார்.

பரிசு ஒருவர்க்குரியதாயினும் மடல் இருவர்க்குரியது. இவ்வரலாற்றைத் தமிழில் எழுதுவோர் அவ்விரு பெயர்களையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும்.