வெள்ளத்தின் வழியும் நகரசபையின் பொக்கிஷமும்

ஹைதராபாத் நகரின் வடமேற்கே சனத்நகர் என்னும் பகுதி உள்ளது. 1942ஆம் ஆண்டில் தோன்றிய ஆல்வின் தொழிற்சாலையாலும் பின்னர் எழுந்த தொழிற்பேட்டையாலும் ஒரு காலத்தில் பெயர் பெற்றிருந்த இடம் அது. பிழைப்பை நாடித் தெலுங்கு நாடு வந்த நம்மவர் பலர் அப்பக்கத்து ஆலைகளை அறிவர். அதனை அடுத்து ஓடும் கூகட்பள்ளி நாலாவையும் அறிவர். ஓடையைத்தான் இங்கு நாலா என்கின்றனர். ஹுசேன் சாகர் ஏரிக்கு நீர் கொணரும் நான்கு ஓடைகளுள் ஒன்றான அதனை, இன்று கழிவுநீர் கலந்து கருத்து ஓடுவது கண்டு, மூக்கைப் பொத்திக்கொண்டே யாவரும் கடக்கின்றனர். எனினும் அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. அது பெரும்பாலும் பணத்தின் சரித்திரமே.

தக்கணத்துக் கற்பாறை நிலத்தில் பெய்யும் மழை மண்ணில் ஊறாது, சரிவு கண்ட வழியே விரைந்தோடும். ஆதலின் மேட்டிலிருந்து பள்ளம்வரை ஏரிகளை வரிசையாக வெட்டி, மேல் ஏரியின் கலிங்கில் வழியும் நீர் கீழ் ஏரியை அடையுமாறு முன்னோர் அமைத்தனர். செங்கற்பட்டு ஏரிகளைக் கண்டு வளர்ந்த நேயர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இப்ராஹிம் குதுப் ஷா காலத்தில், 16ஆம் நூற்றாண்டில், எழுந்த ஹுசேன் சாகரும் இம்முறையைச் சார்ந்ததே. நம் நாட்டில் குடிமராமத்து என்ற பெயரால் ஊரார் ஒன்றுகூடி வாய்க்காலைத் தூர்வாரிய வழக்கம் இருந்தவரை, செலவு யாருடையது என்ற கேள்விக்கே இடமில்லை. ஊர் நகரமாக வளர்ந்த பிறகே அக்கேள்வி பிறந்தது.

1908ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் மூசி ஆறு பெருகிற்று. அப்ஸல்கஞ்சு முதலிய கரையோரப் பகுதிகள் நீரில் மூழ்கின. மாண்டோர் பதினையாயிரவர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பின்னாளில் உஸ்மானியா ஆஸ்பத்திரி எழுந்த வளாகத்தில் நின்ற ஒரு புளிய மரத்தில் ஏறி நூற்றைம்பது பேர் உயிர் தப்பினர் என்பர்.

மறு ஆண்டில் நிஜாம் சர்க்கார் மோட்சகுண்டம் விசுவேசுவரய்யாவை அழைத்தது. பம்பாய் சர்க்காரின் பணியை விட்டிருந்த அவர், ஆற்றங்கரையில் சுவர் எழுப்புவதோடு நில்லாமல், ஆறு பிறக்கும் இடம்வரை கணக்கெடுத்தார். நகருக்கு மேற்பட்ட நீர்ப்பிடிப்புப் பரப்பில் 788 ஏரிகள் இருந்ததையும், அவற்றுள் 221 உடைந்ததையும் குறித்தார். ஓர் ஏரி உடையவே அதன் நீர் அடுத்த ஏரியை உடைத்தது. பேரழிவின் காரணம் இத்தொடரிலேயே இருந்தது. மூசியிலும் அதன் கிளையான ஈசியிலும் இரு பெரு நீர்த்தேக்கங்கள் வேண்டும் என்று அவர் எழுதினார். 1920இல் உஸ்மான் சாகரும், 1927இல் ஹிமாயத் சாகரும் முடிவுற்றன.

அவர் கூறியவற்றுள் மற்றொரு பகுதியும் உண்டு. அதுதான் நம் பொருளுக்கு உரியது. நகருக்குள் முறையான கழிவுநீர்ப் பாதைகள் வேண்டும் என்று வற்புறுத்திய அவர், அவ்வேலைக்காகவே 1922இல் மீண்டும் வந்தார். 1912இல் அமைந்த நகர அபிவிருத்திக் குழுவும் சாலைகளையும் குடியிருப்புகளையும் திருத்தியது. ஆயினும் அணைகளுக்குக் கிடைத்த ஊக்கம் சாக்கடைகளுக்குக் கிடைக்கவில்லை என்றே சொல்லவேண்டும். இது வியப்பன்று. அணையைத் திறந்து வைப்பதில் கீர்த்தி உண்டு. மண்ணுக்கடியில் குழாய் பதிப்பதைப் பார்க்க எந்த மன்னரும் யானையேறி வருவதில்லை.

நகரமோ நிற்கவில்லை. சனத்நகரைச் சூழ இருந்த வயல்கள் பட்டறைகளாயின, ஏரிகள் மனைகளாயின. 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள், ஒரே நாளில் ஏறக்குறைய 240 மில்லிமீட்டர் மழை பெய்தது. 1908இல் வெள்ளம் ஆற்றிலிருந்து ஊருக்குள் வந்தது. இம்முறை ஊருக்குள் பெய்த நீரே வெளியேற வழியின்றி வீடுகளில் புகுந்தது. ஹுசேன் சாகருக்குக் கீழுள்ள அசோக்நகரும் தோமல்குடாவும் பட்ட துன்பம் பெரிது. அதன்பின் கிர்லோஸ்கர் ஆலோசனை நிறுவனத்தார் நாலாக்களை ஆராய்ந்து, 2003இல் அறிக்கை அளித்தனர். அகலப்படுத்த வேண்டியவை யாவை என்பது அன்றே எழுத்தில் வந்துவிட்டது. 2020 அக்டோபரில் அடுத்த பெருமழை வரும்வரை அவ்வேலையில் பெரும்பகுதி எழுத்தாகவே நின்றது.

இத்தாமதத்திற்கு அதிகாரிகளின் சோம்பலை மட்டும் காரணம் காட்டுவது எளிது. உண்மை அத்துணை எளிதன்று. நிஜாமின் பொக்கிஷத்திலிருந்து ஓர் உத்தரவால் பணம் வந்தது. நகரசபையோ வீட்டு வரியையும், கட்டட அனுமதிக் கட்டணத்தையும், மேலிடத்து மானியத்தையும் நம்பி வாழ்வது. போதாக்குறைக்கு, நீர் ஓடும் எல்லை வேறு, ஆட்சி எல்லை வேறு. 2007இல் பெருநகர மாநகராட்சி அமையும்வரை கூகட்பள்ளி தனி நகராட்சி. ஓடை சென்று விழும் ஹுசேன் சாகரோ ஹைதராபாத் மாநகராட்சிக்குள் இருந்தது. மேலூரார் செலவிட்டால் பயன் கீழூராருக்கு. மேலூரார் செலவிடாவிடினும் துன்பம் கீழூராருக்கே. மேலும் 1989இல் அமைந்த குடிநீர் வாரியம் கழிவுநீரைப் பார்க்க, மழைநீர் மாநகராட்சியின் பொறுப்பாயிற்று. நாலாவில் இரண்டும் ஒன்றாகவே ஓடுகின்றன. கணக்கேட்டில் மட்டும் அவை பிரிந்து நிற்கின்றன!

2020இன் துயருக்குப் பிறகு, 2021இல் நாலா மேம்பாட்டிற்கெனத் தனித் திட்டம் ஒன்று தோன்றியது. முதற்கட்டத்திற்கு ஏறத்தாழ 985 கோடி ரூபாய் மதிப்பிடப்பட்டது. மாநகராட்சியோடு சுற்றுப்புற நகராட்சிகளின் வேலைகளையும் ஒரே பட்டியலில் சேர்த்தது அதன் நற்கூறு. நீர்ப்பிடிப்பு முழுவதையும் ஒன்றாக நோக்கிய 1909ஆம் ஆண்டு அறிக்கையின் வழியை அது ஓரளவேனும் பின்பற்றியது எனலாம். ஹுசேன் சாகரின் உபரிநீர் ஓடைக்குத் தடுப்புச்சுவர் எழுப்புவதும் அப்பட்டியலில் இருந்தது.

ஆனால் சுவர் எழுப்ப இடம் வேண்டும். நாலாக்களின் கரையில், வேறு நிலம் வாங்க இயலாத கூலிக் குடும்பங்கள் பல ஆண்டுகளாக வாழ்கின்றன. வெள்ளம் முதலில் புகுவதும் அவர்கள் வீட்டில்தான். ஓடையை அகலப்படுத்தும் போது முதலில் இடிபடுவதும் அவர்கள் வீடுதான். அவர்களுக்கு மாற்று வீடு தரும் செலவை மாநகராட்சி ஏற்பதா, ராஜ்ய சர்க்கார் ஏற்பதா என்பது தீராதவரை, இஞ்சினீயரின் வரைபடத்தில் அகலமாகக் காணும் ஓடை கரையோரத்தில் குறுகியே கிடக்கும்.